பாடகர் வரவில்லை என்பதை ‘வகைமை மீறல்’ என்று எழுதலாமா? (மரண கானா இசைக் காணொளி, இறுதியாண்டு செய்முறை)

வியாசை_வால்

அனைவருக்கும் வணக்கம். காட்சித் தொடர்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஐந்து பேர் சேர்ந்து ஒரு இசைக் காணொளி எடுத்திருக்கிறோம். 4 நிமிடம் 10 வினாடி, மொத்தம் 31 ஷாட். பாட்டு மரண கானா, அதாவது சாவு வீட்டில் இறந்தவருக்காகப் பாடும் கானா. போன ஆண்டு காலமான என் ஆயாவுக்காக எங்கள் தெருவில் இருக்கும் பாடகர் கட்டியது. ஆயா காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையில் சுமந்து விற்று மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். பாட்டு முழுக்க அந்தக் கதைதான்.

காணொளியில் பாடகர் இல்லை, கூட்டமும் இல்லை. காரியம் முடிந்த மறுநாள் வீடு எப்படி இருக்குமோ அதை மட்டும் காட்டியிருக்கிறோம். அடுக்கிவைத்த வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகள், பிரித்துப் போட்ட பந்தல் துணி, ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் தரையில் ஈரத்தடம், கவிழ்த்து வைத்த டீ கேன், ஆயாவின் வெற்றிலைப் பெட்டி.

வழிகாட்டி அறிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ‘உங்கள் காணொளி வகைமை மரபுகளை (அந்த வகைக் காணொளிகளுக்கே உரிய பழக்கங்களை) எங்கே பின்பற்றுகிறது, எங்கே மீறுகிறது என்று எழுதவில்லை, 1500 சொற்களில் எழுதிக் கொண்டு வா’ என்றார். நான் எழுதியிருந்த முதல் வரி இது: ‘கானா காணொளிகளில் பாடகரை மையப்படுத்தும் மரபை நாங்கள் திட்டமிட்டு உடைத்திருக்கிறோம்.’

இங்கே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாடகர் நடிப்பதாகத்தான் இருந்தது. படப்பிடிப்பு அன்று காலை பத்து மணிக்குப் புளியந்தோப்பில் ஒரு சாவு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. ‘நிஜச் சாவு முதலில், உன் கேமரா அப்புறம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாடகைக் கேமரா, ஒரே நாள். இருப்பதை வைத்து எடுத்தோம்.

அந்த முதல் வரியை அப்படியே வைக்கலாமா?

பின்வரிசை

கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வரவில்லை என்றால் அதுவும் வகைமை மீறல்தான் தம்பி. பெண் வீட்டார் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கத்தரி_குமரன்

இருபது ஆண்டுகளாகப் படத்தொகுப்பு வேலையில் இருக்கிறேன். நீ தனிமடலில் அனுப்பிய இணைப்பில் இரண்டு முறை பார்த்தேன். ஒளி நன்றாக இருக்கிறது. அந்த ஈரத்தடத்தின் மேல் எறும்பு ஊர்ந்துபோகும் ஷாட்டை எடுத்தவருக்குக் கண் இருக்கிறது.

முதலில் நல்ல செய்தி. ஆள் வராததால் பிறந்தது என்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இந்தக் கலை வடிவமே ஏறக்குறைய அப்படி வளர்ந்ததுதான். 1975-ல் இங்கிலாந்தின் குயின் என்ற ராக் இசைக்குழு ‘பொஹீமியன் ராப்சடி’ பாட்டுக்கு ஒரு படம் எடுத்தது. தொலைக்காட்சி அரங்கில் நின்று அப்படியே பாடிக் காட்ட முடியாத பாட்டு அது. அடுக்கடுக்காகக் குரல்களைப் பதிவு செய்திருந்தார்கள், நான்கு பேர் மேடையில் நின்று அதைச் செய்ய முடியாது. ஆளுக்குப் பதில் நாடாவை அனுப்பினார்கள். லண்டன் பக்கத்தில் எல்ஸ்ட்ரீ படப்பிடிப்புத் தளத்தில் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் முடித்த வேலை. 1981 ஆகஸ்ட் 1-ல் எம்டிவி தொடங்கியபோது, வர முடியாதவரின் பதிலி என்ற அந்த ஏற்பாடு ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது.

மரபு எதுவானாலும் பின்னால் ஒரு கையாலாகாத காரணமோ காசுக் காரணமோ இருக்கும். பாடகர் முகத்துக்கு ஏன் இத்தனை குளோசப்? இசைத்தட்டு நிறுவனம் முகத்தை விற்றாக வேண்டும். கானா காணொளிகளில் எல்லாரும் ஏன் மெதுவாக நடந்து வருகிறார்கள்? ஆடத் தெரியாதவரும் மெதுவாக நடந்தால் திரையில் கம்பீரமாகத் தெரிவார். பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, அந்த வேகத்துக்கே பாடகரை வாயசைக்கச் சொல்லி, வினாடிக்கு 50 ஃபிரேமில் எடுத்து, 25-ல் ஓட்டுவோம். உதடு பாட்டோடு சரியாகப் பொருந்தும், உடம்பு மட்டும் மிதக்கும். அவ்வளவுதான் ரகசியம்.

இனி கெட்ட செய்தி. ‘உடைத்திருக்கிறோம்’ என்கிறாய். உடைத்ததன் சில்லு திரையில் எங்கே? பார்ப்பவருக்குப் பாடகர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பது தெரிய வேண்டும். உன் 31 ஷாட்டில் அந்த இடமே இல்லை. இல்லாத ஒன்றைப் பார்ப்பவர் எப்படித் தேடுவார்?

வியாசை_வால்

அண்ணா, மிக்க நன்றி. எறும்பு ஷாட் என் தோழி எடுத்தது, சொல்கிறேன்.

ஆனால் ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க யூடியூபில் ஆறு கானா காணொளிகளை எடுத்து ஷாட் ஷாட்டாக எண்ணினோம். ஒவ்வொன்றிலும் நூறைத் தாண்டியது. எங்களுடையது சராசரியாக ஒரு ஷாட்டுக்கு எட்டு வினாடி. மற்றவற்றில் பாடகர் கூலிங் கிளாஸோடு நேராகக் கேமராவைப் பார்க்கிறார். பின்னால் இருபது பேர். பைக். டிரோன் மேலேறிக் கடற்கரையைக் காட்டும். இறந்தவர் படம் மாலையோடு ஒரு மூலையில் வரும், கடைசியில் நண்பர்களின் பெயர்ப் பட்டியல் ஓடும். இவற்றில் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. இது மீறல் இல்லையா?

ஹாரோ_மாலதி

லண்டனில் பதினாறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஊடகக் கல்வி படிப்பிக்கிறேன். இதே கேள்வியோடு பல ஆண்டுகள் குப்பை கொட்டியவள் என்பதால் நுழைகிறேன்.

இங்கே ஏ லெவலில் (பள்ளி இறுதித் தேர்வு) பழைய பாடத்திட்டம் ஒன்றில், சொந்தமாக எடுத்த இசைக் காணொளியை வைத்து மாணவர்கள் பதில் எழுத வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. உங்கள் படைப்பு உண்மையான ஊடகப் படைப்புகளின் வடிவங்களையும் மரபுகளையும் எவ்வாறு பயன்படுத்துகிறது, வளர்க்கிறது அல்லது எதிர்க்கிறது? மூன்று வினைச்சொற்கள். பிள்ளைகள் முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் பிடித்துக்கொள்வார்கள். ‘கறுப்பு வெள்ளையில் எடுத்ததன் மூலம் மரபை எதிர்த்தேன்’ என்று எழுதிய பிள்ளைகளின் தாள்களை அடுக்கினால் என் உயரம் வரும். நடுவில் இருக்கும் ‘வளர்த்தல்’தான் பெரும்பாலும் உண்மையான விடையாக இருக்கும். அதை ஒருவரும் சீண்டுவதில்லை.

ஆண்ட்ரூ குட்வின் என்பவர் 1992-ல் ‘டான்சிங் இன் த டிஸ்ட்ராக்‌ஷன் ஃபேக்டரி’ என்ற நூலில், பாட்டு வரிக்கும் காட்சிக்கும் உள்ள உறவை மூன்றாகப் பிரித்தார். வரி சொல்வதையே காட்சி காட்டலாம். வரி சொல்லாத பொருளைக் கூட்டிக் காட்டலாம். அல்லது வரிக்குச் சம்பந்தம் இல்லாமல், சில வேளை நேர் எதிராகவும் போகலாம். உங்கள் காணொளியில் பாடகர் ஆயாவின் பெயரைப் பாடுகிற இடத்தில் திரையில் நாற்காலியின் முதுகு வருகிறது, அதில் வாடகைக் கடையின் பெயர். முதல் தடவை சிரிப்பு வந்தது. இரண்டாம் தடவை தொண்டை அடைத்தது. இழவு வீட்டில் எல்லாவற்றிலும் யாருடைய பெயரோ எழுதியிருக்கும், போனவருடைய பெயரைத் தவிர. இதை நினைத்துத்தான் செய்தீர்களா?

ஒரு வேண்டுகோள். ‘உடைத்தோம்’ என்று எழுதுமுன் எதை என்று சொல்லுங்கள். கானா காணொளியின் மரபையா, மரண கானாவின் மரபையா? இரண்டும் ஒன்றா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

வியாசை_வால்

அக்கா, உண்மையைச் சொன்னால் அந்த நாற்காலி தற்செயல். எடிட்டிங்கில் ஒரு ஷாட் குறைந்தது, அதைப் போட்டோம். இப்போது நீங்கள் சொன்ன பிறகு ‘நினைத்துத்தான் செய்தோம்’ என்று எழுத ஆசையாக இருக்கிறது.

பின்வரிசை

எழுது தம்பி. பட்டம் பெற்ற எல்லாரும் அப்படித்தான் எழுதினோம்.

டோலக்_கை

இரவு வேலை முடிந்து இப்போதுதான் பார்த்தேன். பதினைந்து வயதில் டோலக் எடுத்தவன், இன்றும் சாவு வீடுகளுக்கு வாசிக்கப் போகிறவன். அதனால் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், தம்பி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மாலதி அக்கா கேட்டது சரியான கேள்வி. இரண்டும் ஒன்று அல்ல. மரண கானா வீடியோவுக்காகப் பிறந்தது இல்லை. பிணம் வீட்டில் இருக்கும் இரவில் யாரும் தூங்கிவிடக் கூடாது. இரவு பத்து, பதினொரு மணிக்கு உட்கார்ந்தால் விடியும்வரை போகும். டோலக் இருக்கும். இல்லாவிட்டால் தகர டப்பாவோ மேசையோ போதும். வட்டமாக உட்காருவோம். பாடுகிறவர் யாரைப் பார்த்துப் பாடுவார் தெரியுமா? போனவரைப் பார்த்து. பெட்டியையோ, மாலை போட்ட படத்தையோ பார்த்து. கேட்பவர்களுக்குப் பாதி நேரம் அவருடைய காதும் தோளும்தான் தெரியும்.

கேமராவை நேராகப் பார்ப்பது, கூலிங் கிளாஸ், இருபது பேர் நடை எல்லாம் எங்கிருந்து வந்தன? சினிமாவிலிருந்து. தொண்ணூறுகளில் தேவா கானாவைத் திரைப்பாட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். 2012-ல் ‘அட்டகத்தி’ வந்த பிறகு கானா பாலாவின் குரல் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது. பிறகு ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு சேனல். பையன்கள் திரையில் எதைப் பார்த்தார்களோ அப்படியே நின்றார்கள், அதில் தப்பில்லை. ஆனால் நீ எண்ணிப் பார்த்த ஆறு வீடியோவும் சினிமாப் பாட்டின் பிள்ளைகள். அவற்றை உடைத்தால் கானாவை உடைத்ததாகாது.

கோபம் எங்கே என்றால், கூட்டத்தை எடுத்துவிட்டாய். சாவில் பாட்டும் பறையும் பூவும் ஆட்டமும் இருப்பதை ஊரில் பெரிய மனிதர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள் முகம் சுளித்துப் பார்ப்பார்கள். ‘சாவிலே என்ன கூத்து’ என்பார்கள். அழுகையை அடக்கமாக, அறைக்குள், சத்தமில்லாமல் அழுதால்தான் அவர்களுக்கு அது நாகரிகம். நீ எடுத்திருப்பது அந்த நாகரிகமான துக்கம். வெறும் அறை, வெறும் நாற்காலி, ஒரு சத்தமும் இல்லை. கானா இந்த ஊருக்கு எதிராகச் செய்த மீறல் எதுவோ அதைத் துடைத்து எடுத்துவிட்டு, துடைத்ததற்கு ‘மீறல்’ என்று பெயர் வைத்திருக்கிறாய். உன் வழிகாட்டிக்குப் பிடிக்கும். உன் ஆயாவுக்குப் பிடிக்குமா?

கத்தரி_குமரன்

நான் சொல்ல வந்து சொல்லாமல் விட்டதை டோலக் தம்பி சொல்லிவிட்டார். வேறு பக்கத்திலிருந்து நானும் சொல்கிறேன்.

குறும்பட விழாக்களில் இரண்டு முறை முதல்கட்டத் தேர்வாளராக உட்கார்ந்திருக்கிறேன். வரும் படங்களில் பாதி என்ன தெரியுமா? வெறும் நாற்காலி. ஆடும் வெறும் ஊஞ்சல். சொட்டும் குழாய். வாசலில் ஒற்றைச் செருப்பு. அசையாத கேமரா, எட்டு வினாடி ஷாட், மங்கலான நீலம். ‘இழப்பு’ என்று ஒரு தலைப்பு. கானா காணொளிக்குக் கூலிங் கிளாஸ் எப்படியோ, கலைக் குறும்படத்துக்கு வெறும் நாற்காலி அப்படி. நீ ஒரு வகைமையின் விதியை மீறவில்லை வால். ஒரு வகைமையிலிருந்து இறங்கி இன்னொரு பஸ்ஸில் ஏறி, அங்கே ஒழுங்காக டிக்கெட் எடுத்து உட்கார்ந்துவிட்டாய்.

உன் அறிக்கைக்கு இது போதும் என்று நினைக்கிறேன். ‘கானா காணொளி மரபை விட்டு விலகினோம், ஆனால் குறும்பட மரபைக் கேள்வி கேட்காமல் பின்பற்றினோம்’ என்று எழுது. எந்த வழிகாட்டியும் இதற்கு மதிப்பெண் குறைக்க மாட்டார். குறைத்தால் என்னிடம் அனுப்பு.

வியாசை_வால்

இரண்டு பேரும் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு தூங்கவில்லை. கொஞ்சம் வலிக்கிறது. நான் வெளியிலிருந்து வந்து கானாவை அழகாக்கப் பார்த்தவன் இல்லை அண்ணா. அந்த வட்டத்தில் ஆயாவுக்காக விடியவிடிய உட்கார்ந்திருந்தவன். கூட்டத்தை விட்டதற்குக் காரணம் நாகரிகம் இல்லை. மறுநாள் எல்லாரும் போன பிறகு வீடு அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது, அதைத்தான் எடுக்க நினைத்தேன். பாட்டு இருக்கும்வரை ஆயா போனது உறைக்கவே இல்லை. நாற்காலியை வண்டியில் ஏற்றும்போதுதான் உறைத்தது.

டோலக்_கை

இதை ஏன் தம்பி அறிக்கையில் எழுதவில்லை?

கோபமாக எழுதியதற்கு வருந்தவில்லை, ஆனால் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வாசித்துவிட்டுக் காலையில் டோலக்கைத் தோளில் போட்டுத் திரும்பும்போது காதில் ஒரு அடைப்பு இருக்கும். இரவு முழுக்க அடித்த சத்தம் போய், தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் மட்டும் கேட்கும். நீ சொல்வது அதுதான் என்றால் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அமைதி, முன்னால் சத்தம் இருந்ததால் வந்த அமைதி. உன் வீடியோவில் பாட்டு ஓடினாலும் காட்சியில் முதல் வினாடியிலிருந்தே அமைதி.

ஹாரோ_மாலதி

‘எதிர்த்தல்’ வேறு, ‘வளர்த்தல்’ வேறு என்று நான் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னால் கண்டுபிடித்திருக்க முடியாது. மரண கானா இரவின் பாட்டு. அதை மறுநாள் பகலுக்கு எடுத்துப் போயிருக்கிறீர்கள். வகைமை எங்கே நிறுத்துமோ அங்கிருந்து ஒரு பகல் நீட்டியிருக்கிறீர்கள். நீட்டியது தெரிய வேண்டுமானால் இரவும் சற்றுத் தெரிய வேண்டும்.

ஒரே ஒன்றை மாற்றி, மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்திருந்தால் மாற்றியது கண்ணில் அறையும். 2017-ல் வந்த ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ நினைவிருக்கிறதா? டி.எம்.கிருஷ்ணா கர்நாடக இசையை விடவில்லை. ராகம் இருந்தது, பாடும் முறை இருந்தது. மாறியது இடமும் பேச்சும். சபா மேடைக்குப் பதில் எண்ணூர்க் கழிமுகமும் மின்நிலையங்களும், பக்திச் சாகித்தியத்துக்குப் பதில் கபேர் வாசுகி எழுதிய சென்னைப் பேச்சுத் தமிழ். கச்சேரி என்றால் என்ன என்று தெரிந்தவருக்குத்தான் அந்தக் காட்சி உறுத்தும். ராகத்தையும் விட்டிருந்தால் அது இன்னுமொரு சுற்றுச்சூழல் பாட்டு, அவ்வளவுதான்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பாட்டு ஒரு பெண்ணைப் பற்றியது. 31 ஷாட்டில் ஒரு பெண்ணாவது வருகிறாரா? நாற்காலி தூக்குபவர் பையன், பந்தல் பிரிப்பவர்கள் ஆண்கள். தெரிந்து மீறியவற்றை மட்டும் எண்ணுகிறீர்கள். தெரியாமல் பின்பற்றியதையும் எண்ணுங்கள். கானா காணொளிகளில் பெண்கள் பெரும்பாலும் எங்கே இருக்கிறார்கள்? பாட்டுக்குள்ளே அம்மாவாக, காதலியாக. திரையில் மிக அரிது. அந்த மரபை நீங்கள் அட்சரம் பிசகாமல் காப்பாற்றியிருக்கிறீர்கள்.

டோலக்_கை

இது எனக்கும் உறைக்கிறது. பகலில் பெண்கள் பெட்டியைச் சுற்றி ஒப்பாரி வைப்பார்கள், இரவில் நாங்கள் கானா பாடுவோம். பெரும்பாலும் இப்படித்தான் பிரிந்திருக்கிறது. எங்கள் பாட்டில் வரும் போனவர் கதை பாதி, பகலில் அவர்கள் ஒப்பாரியில் சொன்னதைக் கேட்டு எடுத்தது. அதை யாரும் சொல்வதில்லை, நானும் இதுவரை சொன்னதில்லை.

வியாசை_வால்

எங்கள் குழுவில் இரண்டு பெண்கள். ஒருத்தி எறும்பு ஷாட் எடுத்தவள், இன்னொருத்தி நாள் முழுக்க ரிஃப்ளெக்டர் பிடித்தாள். திரைக்கு வெளியே இருந்தார்கள். நீங்கள் கேட்கும்வரை தோன்றவே இல்லை அக்கா.

பின்வரிசை

நான் கிண்டல் செய்துகொண்டே இருந்தேன், இப்போது நிஜமாக ஒரு சந்தேகம். நம் ஊரில் ‘இசைக் காணொளி’ என்று ஒரு வகைமை உண்டா? வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்த்து வளர்ந்தவன் நான். பாட்டுக்குப் படம் என்றால் எங்களுக்குச் சினிமாவிலிருந்து வெட்டிய துண்டுதான். அந்தத் துண்டில் பாடுகிறவர் பாடகர் இல்லை, நடிகர். பாடகர் முகமே தெரியாது. பி.சுசீலாவின் முகத்தைப் பத்திரிகையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்படியிருக்க ‘பாடகர் திரையில் இல்லை’ என்பது தமிழனுக்கு எந்த ஊர் மீறல்?

கத்தரி_குமரன்

கிண்டல்காரர் இந்த இழையிலேயே கனமான கேள்வியைப் போட்டுவிட்டார்.

குட்வின் சொல்லும் ‘நட்சத்திரத்தின் குளோசப்’ பாடுகிறவரே நட்சத்திரமாக இருக்கும் ஊருக்குப் பொருந்தும். நம் திரைப்பாட்டில் குரல் ஒருவருடையது, முகம் வேறொருவருடையது. அரை நூற்றாண்டுக்கும் மேல் அதுதான் பழக்கம். அந்தப் பழக்கத்தை எதிர்த்து நின்றவர்கள் கானாக்காரர்களும் பின்னால் வந்த தனியிசைக் குழுக்களும்தான். 2018-ல் சென்னையின் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு மேடை ஏறியபோது, பாடுகிற வாயும் அந்தத் தெருவின் முகமும் ஒன்றாகத் தெரிந்ததே பெரிய செய்தி. ஆகவே கானா பையன் கூலிங் கிளாஸ் போட்டுக் கேமராவை நேராகப் பார்ப்பதை வெறும் சினிமா நகல் என்று தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை, டோலக் தம்பி. ‘இந்தக் குரலுக்கு இதுதான் முகம்’ என்று அவன் காட்டுகிறான். அவன் முகத்தை எடுத்துவிட்டால் பழைய சினிமா வழக்கத்துக்கே திரும்பிவிடுகிறோம், குரல் மட்டும் போதும், ஆள் வேண்டாம் என்று.

வால், இதனால்தான் பாடகர் இல்லாதது உன் காணொளியில் சின்ன விஷயம் இல்லை. மறுபடி கேட்கிறேன். அன்று அவர் போவதற்கு முன்னால் எடுத்த ஒரு துண்டுகூடவா இல்லை? ஒளி பார்க்க எடுத்தது, ஃபோகஸ் பார்க்க எடுத்தது, ஏதாவது?

வியாசை_வால்

ஹார்ட் டிஸ்கைத் துருவினேன். இருக்கிறது.

47 வினாடி. காலையில் கேமராவின் வெள்ளைச் சமநிலை (நிறம் சரியாக வருகிறதா என்று) சரிபார்க்கும்போது கேமரா ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, எங்களுக்கு அளவு தெரிவதற்காக முதல் அடிகளைத் தாளம் இல்லாமல் பாடிக்காட்டுகிறார். பக்கவாட்டில்தான் தெரிகிறார். முக்கால்வாசி நேரம் ஃபோகஸ் இல்லை. கேமராவைப் பார்க்கவே இல்லை. சுவரில் ஆயா படம் மாட்டியிருந்த இடத்தில் வெளிறிய ஒரு சதுரம் இருக்கும், அதைப் பார்த்துப் பாடுகிறார். பின்னால் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார், முந்தானையால் வாயைப் பொத்தியபடி. ஒரு கட்டத்தில் பாடகருடைய போன் அடிக்கிறது. பாட்டை நிறுத்தி எடுத்துப் பார்க்கிறார். எழுந்து போகிறார். நாற்காலி மட்டும் நிற்கிறது. ஆறு வினாடி. பிறகு யாரோ கேமராவை அணைத்துவிட்டோம்.

புளியந்தோப்பு அழைப்பு அதுதான்.

கெட்டுப்போன துண்டு என்று தனியாக ஒரு கோப்புறையில் போட்டு வைத்திருந்தேன்.

டோலக்_கை

தம்பி, எதையும் தொடாதே. ஒரு துண்டும் வெட்டாதே.

கத்தரி_குமரன்

தொட வேண்டும், கொஞ்சம்தான். பதிவுக்கூடப் பாட்டிலும் முதல் அடிகள் தாளம் இல்லாமல்தானே தொடங்குகின்றன? டோலக் எங்கே நுழைகிறது?

வியாசை_வால்

38-வது வினாடியில் அண்ணா.

கத்தரி_குமரன்

அப்படியானால் தாளம் இல்லாத அந்தப் பகுதியைத் தூக்கிவிட்டு இந்த 47 வினாடியை அதன் சொந்த ஒலியோடு முன்னால் வை. பதிவுக்கூடத்துக் குரலை இதன்மேல் ஒட்டப் பார்க்காதே. அவர் அன்று பாடிய வேகம் வேறு, ஒரு அடிகூடப் பொருந்தாது. கேமரா மைக்கில் பதிவான இரைச்சலைச் சற்றுக் குறைக்கலாம், முழுதாக எடுக்காதே. மின்விசிறிச் சத்தம் இருக்கட்டும். அவர் எழுந்துபோன பிறகு வெறும் நாற்காலி ஆறு வினாடி நிற்கிறதே, அந்த ஆறாவது வினாடி முடியும் இடத்தில் டோலக்கின் முதல் அடி விழ வேண்டும். அங்கிருந்து உன் பழைய காணொளி. மொத்தம் 4 நிமிடம் 19 வினாடி வரும்.

இப்போது அந்த வெறும் நாற்காலிகளைப் பார். நேற்றுவரை அவை குறும்பட நாற்காலிகள். இனி ஒவ்வொன்றும் ஒருவர் எழுந்துபோன நாற்காலி.

ஹாரோ_மாலதி

பக்கத்து வீட்டு அக்காவின் அனுமதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். அழுகிற முகம் அது. பாடகரிடமும்.

நீங்கள் தேடிய பெண் முகம் நீங்கள் எடுக்காமலேயே உங்களிடம் இருந்திருக்கிறது. ஆனால் இதையும் ‘திட்டமிட்டு’ என்று எழுதிவிடாதீர்கள்.

இடையில் சம்பந்தமில்லாத ஒரு சந்தேகம். கடைசி ஷாட்டில் கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் ‘தோற்றம், மறைவு’ என்று போட்டிருக்கிறது. எங்கள் யாழ்ப்பாணத்தில் ‘மலர்வு, உதிர்வு’ என்று போடுவார்கள். சென்னையில் எங்கும் ‘தோற்றம்’தானா?

பின்வரிசை

இங்கே பெரும்பாலும் தோற்றம், மறைவுதான். அதற்குமேல் இடம் இருக்காது. பதாகையின் பாதி, அஞ்சலி செலுத்துவோரின் படங்களுக்கு வேண்டும்.

வியாசை_வால்

நான்கு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் போனில் காட்டினேன். ‘நான் இவ்வளவு கறுப்பா’ என்று கேட்டுவிட்டு, சரி போடு என்றார். பாடகர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் முறை ஓட்டச் சொன்னார். பிறகு, போன் அடிக்கிற இடத்தை எடுத்துவிடு, பார்ப்பவர்கள் தொழில் தெரியாதவன் என்று நினைப்பார்கள் என்றார். எடுக்க மாட்டேன் என்றேன். இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

அறிக்கையின் தொடக்கத்தை மாற்றினேன். இப்போது இப்படி இருக்கிறது:

‘படப்பிடிப்பு அன்று பாடகருக்கு வேறொரு சாவு வீட்டிலிருந்து அழைப்பு வந்ததால் அவர் போய்விட்டார். மரண கானா எங்கே பாடப்பட வேண்டுமோ அங்கே பாடப் போனார். எங்கள் காணொளி அவர் போன பிறகு நடந்ததைக் காட்டுகிறது. கானா காணொளியின் நேர்ப்பார்வை, கூட்டம், வேகமான வெட்டு ஆகியவற்றை நாங்கள் விட்டிருக்கிறோம். போனவரைப் பார்த்துப் பாடும் பழைய முறையை முதல் 47 வினாடியில் வைத்திருக்கிறோம். மீதியில் வெறும் நாற்காலி, அசையாத கேமரா என்று குறும்பட மரபை அதிகம் யோசிக்காமல் பின்பற்றியிருக்கிறோம். பாட்டு ஒரு பெண்ணைப் பற்றியதாக இருந்தும் திரையில் ஒரே ஒரு பெண்தான் இருக்கிறார், அவரும் தற்செயலாக வந்தவர்.’

வழிகாட்டி படித்துவிட்டு, ‘தற்செயல் என்றெல்லாம் எழுதுவார்களா?’ என்று கேட்டார். எழுதியிருக்கிறேன் ஐயா என்றேன். வாங்கி வைத்துக்கொண்டார்.

டோலக்_கை

பாடகர் அண்ணனிடம் நான் பேசட்டுமா? போன் அடிப்பதுதான் தொழில் தெரிந்தவன் என்பதற்கு அடையாளம் என்று சொல்கிறேன். அன்று புளியந்தோப்பில் அவருக்கு வாசித்தது நான்தான். இந்த இழையின் பாதியில்தான் எனக்கே தேதி பிடிபட்டது. தாமதமாக வந்தார், ‘பையன்கள் கேமரா வைத்துக்கொண்டு உட்கார வைத்துவிட்டார்கள்’ என்று திட்டிக்கொண்டே உட்கார்ந்தார்.

வியாசை_வால்

அண்ணா! பேசுங்கள், தயவுசெய்து பேசுங்கள்.

பின்வரிசை

எல்லாம் சரி. அந்த நாற்காலி வாடகைக் கடை எங்கே இருக்கிறது? நிறம் வெளுக்காமல் நன்றாக வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் வீட்டில் ஒரு வளைகாப்பு.

வியாசை_வால்

புதிய பதிப்பில் 2 நிமிடம் 14-வது வினாடியில் நிறுத்திப் பாருங்கள். முதுகில் எழுதியிருக்கும்.